பெரிய பாரை பிடிப்பது எப்படி: கேட்டவையும் என் பதில்களும்

கொழும்புக் கடலில் பாரைக்குப் பின்னால் அலைகிறவன் என்பதால் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். நான் பாரை என்பது ஜயன்ட் ட்ரெவாலியை, நம் ஆட்கள் ஜீ.டீ. என்று சொல்வதை.

படகு இல்லை அண்ணா, கரையிலிருந்து கிடைக்குமா? (முகத்துவாரம்)

கிடைக்கும் தம்பி, பெரும்பாலும் சின்னது. குஞ்சுப் பாரை ஆற்றுவாயிலும் களப்பிலும் வளரும், பெருத்ததும் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, போய்விடும். களனி கடலில் விழும் இடத்தில் விடியற்காலையில் மணலை மீன் கூட்டம் பதறித் துள்ளினால் அங்கே எறியுங்கள். பெரியது வேண்டுமென்றால் படகுதான். கல்கிசைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைச் சுற்றி நிற்கும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சோளகம் (தென்மேல் பருவக்காற்று) எழும்பிய பிறகு யார் கூப்பிட்டாலும் சின்னப் படகில் ஏறாதீர்கள்.

மூன்று தடவை அடித்தது, மூன்று தடவையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. என்ன பிழை? (வெள்ளவத்தை)

கொக்கி குத்தியதும் பாரை நேரே பாருக்குள் ஓடும். அந்த முதல் சில விநாடிகளில் நிறுத்தாவிட்டால் தூண்டில் நரம்பு கல்லில் உரசி அறும். அதனால் ரீலின் டிராக்கை (நரம்பு ஓடாமல் இறுக்கும் பிடியை) வெறும் கையால் இழுத்துப் பார்த்து ‘சரி, இறுக்கம்தான்’ என்று விடாதீர்கள். கரையிலேயே தொங்கு தராசு கட்டி இழுத்துப் பாருங்கள். 80 இறாத்தல் பின்னல் நரம்பென்றால் 10 முதல் 12 கிலோவில் வைக்கலாம். கொக்கிப் பக்கம் முன்னால் லீடராகத் தடித்த தங்கூசித் துண்டு, குறைந்தது 130 இறாத்தல். இரண்டையும் எஃப்.ஜி. முடிச்சால் இணையுங்கள். முடிச்சு மெலிதாக இருப்பதால் ராட் வளையங்களில் சிக்காது. வீட்டில் பத்து முறையாவது கட்டிப் பழகுங்கள், ஆடும் படகில் வராது.

படகோட்டியிடமும் முதலே சொல்லிவையுங்கள்: மீன் பிடிபட்டதும் படகைப் பாரிலிருந்து விலக்கி ஆழத்துக்கு எடுக்க வேண்டும். பாதிச் சண்டை அவர் கையில்தான்.

நான் இழந்த மிகப் பெரிய மீனுக்கு நரம்பு அறவே இல்லை. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய, கொக்கியை மாட்டும் சின்ன இரும்பு வளையம் கம்பி போல நிமிர்ந்து வந்தது. ராட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வளையத்தில் மிச்சம் பிடித்தேன்!

பாப்பரா, உயிர் இரையா?

பாப்பர் (நீர்மேல் தெறித்து வரும் போலி இரை) எறிவதில்தான் எனக்கு ருசி. 120 முதல் 150 கிராம் வரை, ராட்டைத் தாழ்த்தி நீளமாக ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், அப்புறம் இன்னொரு இழுப்பு. பல நேரம் நிறுத்தத்தில்தான் அடிக்கும். முக்கொக்கியைக் கழற்றி ஒற்றைக் கொக்கி போடுங்கள். முதுகு நோகிறவர்களுக்கு உயிருள்ள கும்பளா, சர்க்கிள் கொக்கியில். அதில் மட்டும் வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகினால் கொக்கி தானாக வாயோரத்தில் ஏறும்.

எவ்வளவு பெருக்கும்?

தூண்டிலில் உலக சாதனை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானில். இங்கே 20 கிலோ ஒன்று ஏறினாலே மறுநாள் கை தூக்க முடியாது.

என் வீட்டுக்காரர் பெரிதாகக் கொண்டுவந்தால் குழம்பு வைக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம் அக்கா. பாரில் வாழும் பெரிய வேட்டை மீனில் சிகுவடேரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. முட்டையிடும் பருவத்து மீனும் அதுதான். படம் எடுத்து உடனே விடச் சொல்லுங்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கித் தூக்கட்டும். குழம்புக்கு இரண்டு கிலோப் பாரை போதும், விடியமுன் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனால் வாங்கலாம். அவர் வெறுங்கையோடு வரும் நாட்களே அதிகம், எப்படியும் அங்கே போகத்தான் வேண்டியிருக்கும்.