நாலு பேட்டரியில் ஒன்று மட்டும் பின்தங்குவது ஏன்?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்கள் காபித் தோட்டத்து வீட்டுக்கு இ.பி. கரண்ட் கிடையாது. முழுக்க சோலார்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரிகள் நான்கை சீரிஸில் கோத்து 48 வோல்ட் இன்வெர்ட்டர் ஓட்டுகிறோம். ஒன்றரை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்று வாரமாக, நல்ல வெயில் அடிக்கும்போது மதியம் ஓவர் வோல்டேஜ் என்று காட்டி இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. இரவு 9 மணிக்கெல்லாம் வீடு திடீரென்று இருண்டு போகிறது. காலையில் மல்டிமீட்டரில் பார்த்தால் நான்கும் 13.0 முதல் 13.2 வரைதான் காட்டுகின்றன. பேட்டரிக்காரர் இன்வெர்ட்டரைச் சொல்கிறார், இன்வெர்ட்டர்காரர் பேட்டரியைச் சொல்கிறார். எதை மாற்றுவது? (காட்டுமாடு தொல்லைக்காக முதல் பேட்டரியிலிருந்து வயர் எடுத்து சோலார் வேலி மிஷினுக்குக் கொடுத்திருக்கிறோம். அது சின்ன லோடுதான்.)

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. வேலி மிஷினைப் போட்டதும் மூன்று வாரத்துக்கு முன்னால்தானே?

சீரிஸில் இருக்கும் நான்கு பேட்டரிக்குள்ளும் ஒரே அளவு கரண்ட்தான் ஓடும். சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் நான்குக்கும் ஒன்றுபோல. நீங்கள் முதல் பேட்டரியில் மட்டும் தனியாக ஒரு குழாய் வைத்துவிட்டீர்கள். வேலி மிஷின் 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓடினால் 4.8 ஆம்பியர்-அவர், பத்து நாளில் 48. நூறில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. மற்ற மூன்றும் நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடுவதால், முதல் பேட்டரி இழந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் கரண்டை வெட்டும் காவல் சர்க்யூட்) அதனதன் நான்கு செல்களை மட்டும்தான் சமன் செய்யும். பக்கத்துப் பேட்டரி எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் மதியப் பிரச்சினையைப் பாருங்கள். சார்ஜர் 56.8 வோல்ட் வரை ஏற்றுகிறது என்றால், பேட்டரிக்கு 14.2 என்று அது கணக்குப் போடுகிறது. உண்மையில் 13.4, 14.3, 14.2, 14.9 என்று பிரிந்திருந்தாலும் கூட்டினால் 56.8தான் வரும். 14.9 போன பேட்டரியில் ஏதோ ஒரு செல் 3.7 வோல்ட்டைத் தாண்டியிருக்கும். அந்த பி.எம்.எஸ். பட்டென்று வெட்டும். ஒன்று வெட்டினால் சங்கிலி முழுதும் அறுந்த மாதிரி. பேனல் கரண்ட் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிற, இன்வெர்ட்டர் அலறுகிறது. இரவில் இதன் மறுபக்கம். முதல் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கும்போது மற்ற மூன்றும் 13இல் சுகமாக இருக்கும். மொத்தம் 49 வோல்ட் இருப்பதால் இன்வெர்ட்டருக்குச் சந்தேகமே வராது. பி.எம்.எஸ். வெட்டியதும் எச்சரிக்கை ஒலிகூட இல்லாமல் இருட்டு. அதோடு வேலியும் செத்துப் போகும், அதைக் கவனித்தீர்களா?

காலை ரீடிங்கை நம்பியதுதான் எல்லாரையும் குழப்பியிருக்கிறது. பழைய ஈய அமில பேட்டரியில் 0.2 வோல்ட் வித்தியாசம் என்றால் கால்வாசி சார்ஜ் வித்தியாசம் என்று ஒரு கணக்கு உண்டு. உங்களிடம் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் அந்தக் கணக்கு செல்லாது. 30 சதவீதத்தில் இருப்பதற்கும் 70 சதவீதத்தில் இருப்பதற்கும் சும்மா இருக்கும்போது அதே 0.2 வோல்ட்தான் வித்தியாசம். நடுவில் எல்லாம் சமம்போலத் தெரியும். முழுதாக நிறையும்போதும் அடிமட்டத்துக்கு வரும்போதும்தான் சாயம் வெளுக்கும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு முறை அளந்துவிடுங்கள். மதியம் இன்வெர்ட்டர் நிற்பதற்குச் சற்று முன் ஒரு முறை, இரவு மிக்சியோ மோட்டாரோ ஓடும்போது 8 மணி வாக்கில் ஒரு முறை. மீட்டர் முனையை லக்கில் (வயர் நுனியில் இருக்கும், போல்ட் மாட்டும் உலோக வளையம்) வைக்காமல் பேட்டரியின் டெர்மினலிலேயே வைக்க வேண்டும். முதல் பேட்டரி இரண்டு நேரத்திலும் தாழ்ந்தே இருந்தால் நான் சொன்னது சரி, அதில் சார்ஜ் குறைவு, அவ்வளவுதான். வேறொரு பேட்டரி மதியம் எல்லாருக்கும் முந்தி நிறைந்து, இரவில் எல்லாருக்கும் முந்தி காலியானால் அதன் கொள்ளளவே குறைந்துவிட்டது.

மூன்றாவது ஒன்று உண்டு, அதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் வீட்டு மாடியில் ஒரு பேட்டரி சார்ஜ் ஆகும்போது அதிகமாகவும் லோடு எடுக்கும்போது குறைவாகவும் காட்டிக்கொண்டே இருந்தது. பேட்டரி போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். பார்த்தால், போல்ட் தலைக்கு அடியில் போட வேண்டிய ஸ்டீல் வாஷரை லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவில் போட்டிருந்தேன். அங்கே ஒரு மில்லி ஓம் தடை இருந்தால் போதும், 50 ஆம்பியர் ஓடும்போது 0.05 வோல்ட் அங்கேயே விழும். நான் லக்கில் வைத்து அளந்ததால் அது பேட்டரியின் குறையாகத் தெரிந்தது. கரண்ட் நின்றால் வித்தியாசமும் மறைந்தால், தப்பு போல்ட்டில். லோடு ஓடும்போது டெர்மினலுக்கும் லக்குக்கும் இடையே மில்லிவோல்ட்டில் அளந்தால் உடனே தெரிந்துவிடும். மழைக்கால ஈரத்தில் பச்சை பிடித்த லக்கும் இதே வேலையைச் செய்யும்.

சரி, சமன் செய்வது எப்படி? முதலில் வேலி வயரைக் கழற்றுங்கள். அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் மூன்று வாரத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

பிறகு பேனல் சுவிட்சை ஆஃப் செய்து, அப்புறம் லோடு, கடைசியாக பேட்டரி பிரேக்கர். இந்த வரிசை முக்கியம். வெயிலில் பேட்டரியை முதலில் பிரித்தால் மேலே சொன்ன அதே வோல்டேஜ் துள்ளலை நீங்களே கையால் உண்டாக்குகிறீர்கள். மோதிரம், செயின், வளையல் கழற்றிவிட்டு, ஸ்பேனரின் கைப்பிடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். 48 வோல்ட் ஷாக் பெரிதாக அடிக்காது, ஆனால் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உருகும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜரில் நிரப்ப வேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு சிக்கல்: பேட்டரியைப் பிரித்த வீட்டில் சார்ஜருக்குக் கரண்ட் ஏது? ஜெனரேட்டர் இல்லையென்றால் ஊருக்குள் கரண்ட் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிலோதான், டியூபுலர் பேட்டரி மாதிரி இரண்டு ஆள் தேவையில்லை. 10 ஆம்பியர் சார்ஜரில் முதல் பேட்டரிக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், மற்றவை சீக்கிரம் முடியும். கார் பேட்டரி சார்ஜரின் ரிப்பேர் மோடு பக்கம் போகவே வேண்டாம். மீட்டரில் 0 அல்லது 2, 3 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், பி.எம்.எஸ். மூடிக்கொண்டிருக்கிறது. 0 வோல்ட்டிலிருந்து எழுப்பும் வசதியுள்ள சார்ஜர் வேண்டும்.

நான்கும் நிறைந்த பிறகு எல்லா பிளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாக பேரலலில் இணைத்து ஓர் இரவு விடுங்கள். நிரப்பாமலே பேரலலில் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பேட்டரிகள் மிகவும் ஏறுமாறாக இருந்தால் இணைத்த கணமே பெரிய கரண்ட் பாயும். எல்லாம் நடுவில் இருந்தாலோ, அந்த 0.2 வோல்ட் வித்தியாசம் தள்ளும் வேகத்தில் நாள்கணக்காகும். நிறைந்த நிலையில்தான் சமன் சமனாக இருக்கும். காலையில் பழையபடி சீரிஸில் கோத்துவிடலாம்.

இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை யூசர் என்று வைத்து, சார்ஜ் 56.0, ஃப்ளோட் (நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 54.0, கீழ் கட் ஆஃப் 50 என்று மாற்றுங்கள், உங்கள் பேட்டரியின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. ஈக்வலைசேஷன் கண்டிப்பாக ஆஃபில் இருக்க வேண்டும். அது ஈய அமில பேட்டரிக்கான வைத்தியம், லித்தியத்துக்கு விஷம். நாலு 12 வோல்ட் பேட்டரிக்கு நடுவே போடும் பேலன்சர் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம், சின்னச் சின்ன வித்தியாசத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வேலிக்கு? 48இலிருந்து 12 ஆக்கும் டி.சி. கன்வர்ட்டர் போட்டால் நான்கு பேட்டரியும் சமமாகப் பங்கிடும். உள்ளீடு 60 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து, ஃபியூஸோடு போட வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், வேலிக்குத் தனியாக ஒரு சின்ன பேனலும் சின்ன பேட்டரியும் போடுங்கள். மலையில் தோட்டத்தைச் சுற்றி நீளமாகக் கட்டிய கம்பி என்பது இடிக்கு விரித்த வலை. அது வீட்டு பேட்டரியோடு தொடர்பில் இருந்தால், ஐப்பசி மாதத்து ஒரு இடியில் இன்வெர்ட்டரும் சேர்ந்து போகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பேட்டரி மட்டும் தகராறு செய்தால் அதை முழுதாக நிரப்பி, கார் ஹெட்லைட்டின் 55 வாட் ஹாலஜன் பல்பை மாட்டி, செங்கல் மேல் வைத்து எரியவிடுங்கள். நல்ல பேட்டரி ஏறத்தாழ 20 மணி நேரம் தாங்கும். 15க்குள் அணைந்தால், எரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வாரண்டி கார்டோடு கடைக்குப் போங்கள்.