டைட்டன் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

மினியேச்சர் போர் விளையாட்டுகள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: விலை கூடிய, பெரிய ரெசின் கிட் (ரெசினில் வார்த்த பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய மாடல்). அதனால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: வார்ஹேமர் 40,000 விளையாடுகிறேன். ஒரு பிளாஸ்டிக் படையை முழுதாகக் கட்டி பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன். ரெசினைத் தொட்டதில்லை. அந்த விளையாட்டுக்கான ரெசின் மாடல்களின் பிராண்டான ஃபோர்ஜ் வேர்ல்டின் வார்லார்ட் டைட்டன் என்ற மாபெரும் நடக்கும் போர் இயந்திரத்தின் மீது ரொம்ப நாளாக ஆசை. பணமும் சேர்ந்துவிட்டது. வாங்கலாமா?

பதில்: விளையாடுவதற்காக என்றால் வேண்டாம். படையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதன் பலத்துக்கேற்பப் புள்ளி உண்டு; வழக்கமான ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மொத்தம் 2000 புள்ளிதான். வார்லார்ட் ஒன்று மட்டுமே அதைத் தாண்டிவிடும். எதிரே ஆடுபவரும் அதற்கு ஈடான படை வைத்திருந்து, முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்த பெரிய ஆட்டங்களில்தான் அதை மேசையில் இறக்க முடியும். அரை மீட்டருக்கு மேல் உயரம். கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் மேசையில் கால் ஊன்றவே இடம் கிடைக்காது. புள்ளிகளும் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. இன்றைய விதியை நம்பி இவ்வளவு பெரிய தொகையைப் போடக் கூடாது.

கட்டுகிற வேலைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், வாங்கலாம். ஆனால் அதை முதல் ரெசின் கிட்டாக வாங்காதீர்கள். பிளாஸ்டிக்கில் பழகிய கைக்கு ரெசினில் எல்லாமே புதிது. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற ஒட்டு இரண்டு பாகங்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும். இந்த கிட்களின் பாலியூரித்தேன் ரெசினில் அது வேலையே செய்யாது. பாகங்கள் கோணலாக வரும், காற்றுக்குமிழி இருக்கும், ஒவ்வொரு பொருத்தும் இழைத்துச் சரிசெய்த பிறகே உட்காரும். இதையெல்லாம் சின்ன ரெசின் கிட் ஒன்றில் பழகுங்கள். கால்கள் உள்ள நடக்கும் இயந்திரம் கிடைத்தால் நல்லது. எடை தாங்கும் மூட்டை எப்படிக் கட்டுவது என்பது அதில்தான் கைவரும். டைட்டனிலேயே இறங்க வேண்டுமென்றால் வரிசையில் சிறியது வார்ஹவுண்ட், அடுத்து ரீவர், அப்புறம்தான் வார்லார்ட்.

இன்னொரு வழியும் உண்டு. 2018-இல் வந்த அடெப்டஸ் டைட்டானிகஸ் விளையாட்டில் இதே வார்லார்ட் சிறிய அளவில், பிளாஸ்டிக்கில் இருக்கிறது. 2023-இல் வந்த லீஜியன்ஸ் இம்பீரியாலிஸுக்கும் அதே அளவுதான். டைட்டன்களை ஆடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளூர உங்கள் ஆசை என்றால், அங்கே ஒன்றல்ல, ஒரு கூட்டத்தையே களமிறக்கலாம்.

கேள்வி: பெட்டியின் விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். டைட்டன் வகை கிட்களில் உடல் தனி, கை ஆயுதங்கள் தனி என்று விற்பது உண்டு. படத்தில் இரண்டு துப்பாக்கியோடு நிற்கும்; பெட்டியில் ஒன்றும் இருக்காது. அனுப்பும் செலவு, சுங்கம் இரண்டையும் ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் வேண்டியவை: மெதுவாக இறுகும் இருபாக எபாக்ஸி (இரண்டையும் கலந்தால் இறுகும் ஒட்டு), சூப்பர் க்ளூ, 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை உலோகக் கம்பிகளும் அவற்றுக்கேற்ற டிரில் பிட்களும், எபாக்ஸி புட்டி, 240, 400, 600 எண் தண்ணீர் உப்புத்தாள், நல்ல முகக்கவசம், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமர். காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் இல்லாதவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளங்கை அளவுக் கவசத் தகடுகளைத் தூரிகையால் திட்டுத் திட்டாகத் தெரியாமல் பூசுவது மிகவும் கஷ்டம். வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி, எடுத்துச் செல்ல நுரை வைத்த பெட்டி. இந்தப் பட்டியலை எழுதிக் கூட்டிப் பார்த்தபிறகும் மனம் மாறவில்லை என்றால் ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: கிட் வந்துவிட்டது. உடனே கழுவ ஆரம்பிக்கலாமா?

பதில்: கழுவுவது, வெட்டுவது, இழைப்பது எல்லாம் பிறகு. முதலில் எல்லாப் பாகத்தையும் ஒரு துணியில் பரப்பி, கையேட்டில் உள்ள பாகப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லி மாற்றுப் பாகம் கேட்பதானால் அது கத்தி படாத பாகமாக இருக்க வேண்டும்.

எது குறை, எது சாதாரணம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஓரப் பிசிறு, ரெசின் ஊற்றிய வாயில் நிற்கும் கட்டை, மெல்லிய அச்சுக்கோடு, குண்டூசித் தலையளவு குமிழி, லேசான வளைவு: இவை நம் வேலை. மாற்றுக் கேட்க வேண்டியவை வேறு. அச்சின் இரண்டு பாதியும் நழுவியதால் பாகத்தின் நடுவே படி விழுந்திருப்பது, நகாசு வேலை உள்ள இடத்தில் விழுந்த பெரிய குழி, முழுதாக நிரம்பாத விளிம்பு, உடைசல். குழாய் வடிவப் பாகங்களில் படி விழுந்திருந்தால் விடாதீர்கள். இழைத்து மட்டம் செய்தால் உருளை முட்டை வடிவமாகிவிடும்.

சரிபார்த்து முடித்தபின் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சில் ரெசின் ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சு பாகத்தின் மேல் தங்கியிருக்கும்; அது போகாவிட்டால் பெயின்ட் தகடாக உரிந்து வரும். இழைத்து முடித்தபின், பிரைமருக்கு முன் இன்னொரு முறை கழுவுங்கள். தூளும் கைப்பிசுக்கும் அப்போதுதான் போகும்.

இழைக்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே இழையுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். சாப்பாட்டு மேசையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நீளமான துப்பாக்கிக் குழல் ஒன்று வளைந்திருக்கிறது. வெந்நீரில் நிமிர்த்தினேன், மறுநாள் திரும்ப வளைந்துவிட்டது.

பதில்: சூடு உள்வரை போகவில்லை. மேல்பகுதி இளகி, நடுப்பகுதி இளகாமல் இருந்தால் உள்ளே இருக்கும் இறுக்கம் பழைய வளைவுக்கே இழுத்துவிடும். கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, பாகம் முழுதும் மூழ்கும்படி போடுங்கள். மெல்லிய வாளுக்கு அரை நிமிடம் போதும். விரல் தடிமன் குழலுக்குச் சில நிமிடம் வேண்டும். கையுறையோடு எடுத்து, கண்ணாடி அல்லது டைல்ஸ் மாதிரித் தட்டையான பரப்பில் உருட்டி நிமிர்த்தி, அழுத்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பிடியை உடனே விடக் கூடாது. குழலின் துளை நேராக இருந்தால் உள்ளே ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவிடுவது இன்னும் நல்லது. அதற்குப் பிறகு வளையவே வளையாது. நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள். பாலியூரித்தேன் கருகினால் வரும் புகை விஷம்.

கேள்வி: சூப்பர் க்ளூ மட்டும் போதும் என்கிறார் நண்பர். கம்பி, எபாக்ஸி எல்லாம் உண்மையிலேயே தேவையா?

பதில்: கவசத் தகடு, விளக்கு, சின்னச் சின்னக் குழாய்களுக்கு சூப்பர் க்ளூ போதும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் நான்குக்கும் போதாது. சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். டைட்டனின் மொத்த எடையும் இரண்டு கணுக்காலில் நிற்கிறது. அதோடு, எடை தாங்கும் ரெசின் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சாயும். அறை சூடானால் இன்னும் வேகமாக. உள்ளே ஓடும் கம்பிதான் அதைத் தடுக்கும்.

செய்முறை இது. முதலில் ஒட்டாமல், மாஸ்கிங் டேப்பும், ஒட்டி எடுக்கக்கூடிய ப்ளூ டாக்கும் வைத்து இரு கால்களையும் இடுப்பையும் நிறுத்திப் பாருங்கள். ஒரு காலைத் தூக்கிய நிலை பார்க்க அழகாக இருக்கும். முழு எடையும் மற்ற ஒற்றைக் கணுக்காலில் இறங்கும். இரண்டு பாதமும் தரையில் பதியும் நிலையே பாதுகாப்பு. நிலை முடிவானதும் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் பென்சிலால் கோடு இழுத்துவிடுங்கள். பிரித்தபின் அதே கோணத்தில் சேர்க்க அது உதவும்.

பிறகு துளை. ஒரு பக்கம் நடுவில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, அதன் வாயில் ஒரு பொட்டு ஈரப் பெயின்ட் வைத்து, எதிர்ப்பாகத்தை பென்சில் கோடு சேரும்படி அழுத்தி எடுங்கள். பொட்டு பதிந்த இடத்தில் அடுத்த துளை. இப்போது பெரிய பிட்டால் அகலப்படுத்துங்கள். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். வேகமாக ஓட்டினால் உராய்வுச் சூட்டில் ரெசின் இளகி, பிட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கணுக்காலுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கம்பி, பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் ஆழம். மரை போட்ட கம்பி கிடைத்தால் அதையே எடுங்கள்; எபாக்ஸி மரைக்குள் புகுந்து பிடிக்கும். 3 மில்லிமீட்டர் கம்பிக்கு 3.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியில்தான் கோணத்தைக் கொஞ்சம் திருத்த முடியும். இடைவெளியை எபாக்ஸி நிரப்பிவிடும். சேரும் முகங்களை 240 தாளில் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி இங்கே வேண்டாம், சரிபார்ப்பதற்குள் இறுகிவிடும். அரை மணி நேரம் வேலை செய்ய இடம் கொடுக்கும் வகையை எடுத்து, டேப் சுற்றி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பாதத்திலிருந்து மேலே, ஒரு நாளைக்கு ஒரு மூட்டு வரிசை. இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களின் டைட்டன்தான் பின்னால் சாய்கிறது.

கேள்வி: ஆயுதங்களை மாற்றி மாட்ட காந்தம் வைக்கலாம் அல்லவா?

பதில்: வைக்கலாம், காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அது நேராக இழுப்பதைத் தாங்குமே தவிர, கனமான கை கீழே வழுக்குவதையும் சுழல்வதையும் தாங்காது. எடையைச் சுமக்க ஒட்டாத உலோக முளை ஒன்று, விலகாமல் பிடிக்க காந்தம் என்று இரண்டும் வேண்டும். ஒட்டுவதற்கு முன் காந்தங்களின் முகத்தில் மார்க்கரால் குறி போட்டு, எல்லா ஆயுதத்திலும் ஒரே முகம் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் இதே மாடல் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ரெசின்தானே, என்ன வித்தியாசம்?

பதில்: அது திருட்டு வார்ப்பு. அசலை வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து, அனுமதியின்றி விற்பது. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். வடிவமைத்தவரின் உழைப்பு ஒரு பக்கம். பொருளாகப் பார்த்தாலும் நட்டம்தான். ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்கச் சுருக்கம் கூடி, பெரிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். பாகம் குறைந்தால் கேட்கவும் ஆளில்லை.

கேள்வி: 3டி பிரின்ட் செய்துகொள்ளலாமா?

பதில்: வடிவமைப்பாளர் உரிமத்தோடு விற்கும் அவருடைய சொந்த இயந்திர வடிவமென்றால் தாராளமாக. ஆனால் அந்தப் பிரின்டரில் பயன்படும், புற ஊதா ஒளியில் இறுகும் ரெசின் வேறு பொருள். சாதாரண வகைகள் எளிதில் நொறுங்கும். வெந்நீரில் வளைக்கும் மேலே சொன்ன முறையை அதில் நம்ப வேண்டாம். பெரிய பாகங்களை உள்ளே வெற்றாக அச்சிட்டால் வடிகால் துளை விட்டு, உட்புறத்தையும் கழுவி, ஒளி காட்டி இறுக்க வேண்டும். உள்ளே தங்கிய திரவ ரெசின் பல மாதம் கழித்துச் சுவரை வெடிக்கவைத்து, பெயின்ட் மேல் கசிந்து வரும்.

கேள்வி: முழுதும் கட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதா, அடித்துவிட்டுக் கட்டுவதா?

பதில்: இரண்டும் கலந்து. எலும்புக்கூடு போன்ற உள் சட்டத்தைக் கட்டி, இடைவெளிகளைப் புட்டியால் நிரப்பி, உலோக நிறம் அடித்து முடியுங்கள். கவசத் தகடுகளைத் தனியாக, குச்சியில் ஒட்டிப் பூசுங்கள். தகடு உட்காரும் இடங்களில் பிரைமருக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டு ரெசினைப் பிடிக்க வேண்டும், பெயின்ட்டை அல்ல. பெயின்ட்டுக்கு முன் எல்லாத் தகடுகளையும் ஒரு முறை பொருத்திப் பார்த்து, உட்புறத்தில் எண் எழுதிவையுங்கள். இடது வலது தகடுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி: கட்டி முடித்த பழைய டைட்டன் ஒன்று விற்பனைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கணுக்காலைப் பாருங்கள். இடுப்பைப் பிடித்து லேசாக அசைத்தால் எந்த மூட்டு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். சூப்பர் க்ளூவில் ஒட்டியதென்றால் கவலையில்லை. சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒட்டு நொறுங்கி மூட்டு கழன்றுவரும், புதிதாகக் கம்பி வைக்கலாம். எபாக்ஸியில் தப்பான கோணத்தில் ஒட்டியதென்றால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். பழைய பெயின்ட்டை எடுக்க அசிட்டோன் கூடாது, ரெசினையே அரிக்கும். எந்தத் திரவமானாலும் மறைவான ஒரு சின்னப் பாகத்தில் சோதித்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

கேள்வி: ஆட்டத்துக்குக் காரில் எடுத்துப் போகலாமா?

பதில்: போகலாம். இடுப்பில் கம்பியை ஒட்டாமல் விட்டிருந்தால் மேல் உடல், கால்கள், கைகள் எனத் தனித்தனியாகப் பிரித்து நுரைக்குள் படுக்கவையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய கார் ரெசின் இளகும் அளவுக்குச் சூடேறும், முதலில் வளைவது துப்பாக்கிக் குழல்தான்.