யாரை ஜட்ஜாகக் கூப்பிடலாம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குளிர் தொடங்கினால் நாய்க் கண்காட்சி. கண்காட்சி என்றால் ஜட்ஜ் தகராறு. எழுதியவர்களின் பெயரை நானே எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். நாய் வளர்ப்பவர்களின் உலகம் ஒரு தெரு அளவுதான். யார் என்ன கேட்டார் என்று தெரிந்தால் அடுத்த கண்காட்சியில் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள்.

அக்கா, எங்கள் சங்கம் முதன்முறையாக ராஜபாளையம் நாய்களுக்கு மட்டும் தனிக் கண்காட்சி நடத்தப்போகிறது. 45 நாய் வரும் என்று கணக்கு. ஜட்ஜ் விஷயத்தில் கமிட்டி மூன்றாக உடைந்து நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்தால்தான் மதிப்பு என்கிறது ஒரு கட்சி. எல்லா இனமும் பார்க்கிற பெரிய ஜட்ஜ் போதும் என்கிறது இன்னொன்று. நம்ம நாயை நம்ம ஊர்ப் பெரியவர்தான் பார்க்கணும் என்கிறது மூன்றாவது. நான் செயலாளர். தூக்கம் போச்சு.
*விருதுநகர் மாவட்ட வாசகர்*

தம்பி, நானும் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவள். அந்தத் தூக்கம் கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பி வரும்.

உங்கள் மூன்று கட்சியும் ஆளைத் தேடுகிறது. அதற்கு முன்னால் கமிட்டியை உட்காரவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருஷம் நம் நாய்களைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தாக வேண்டும்? ராஜபாளையத்தில் அது ஒன்றும் ரகசியமில்லை. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று தேடித் தேடிச் சேர்த்ததில் காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. உயரம் வேண்டும் என்று ஆசைப்பட்டு எதோடு எதைச் சேர்த்தார்களோ, சில நாய்களின் தலை கனத்துக் கிடக்கிறது. அந்நியர் தொட்டால் சில நாய்கள் பின்னங்காலை மடக்கிப் பதுங்குகின்றன, சில சீறுகின்றன. இதையெல்லாம் கண்டு, கண்டதை வாயைத் திறந்து சொல்கிற ஆள் யாரோ அவர்தான் உங்கள் ஜட்ஜ். பாஸ்போர்ட் எந்த நிறம் என்பது அப்புறம்.

ஒன்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் கண்காட்சி. வெளி மாநிலத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். ஓப்பன் கிளாஸ் என்கிற போட்டிப் பிரிவில் ஒன்பது நாய், வரிசையாக நிற்கவைத்தாயிற்று. ஒவ்வொன்றின் பல்லையும் பார்த்தார், தோளைத் தொட்டார், ஆண் நாய்களுக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வரிசைக்குப் பின்னால் போய் நின்று, கைக்குட்டை எடுக்கிறவர் மாதிரி பையில் கையை விட்டார். சாவிக்கொத்து கீழே விழுந்தது. சிமெண்ட் தரை, நல்ல சத்தம். எட்டு நாய்களின் காது திரும்பியது. ஒன்றின் காது அசையவில்லை. கூட்டத்தில் எல்லோரும் முதல் பரிசு இதற்குத்தான் என்று பேசிக்கொண்டிருந்த நாய் அது. எங்கள் பொருளாளருடையது.

பெரியவர் சாவியை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாய்க்கு இடம் கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பொருளாளரைத் தனியே கூப்பிட்டு, டாக்டரிடம் காதைச் சோதிக்கச் சொன்னார். அவர் அந்த நாயில் குட்டி எடுப்பதை நிறுத்தினார். என்னிடம் பேசுவதையும் நிறுத்தினார்.

சாவியைப் போட்டுப் பார்ப்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஒரு காது மட்டும் கேட்காத நாய் அதில் தப்பித்துவிடும். அதற்கு மின்முனை வைத்து மூளை அலையைப் பதிவு செய்கிற சோதனைதான் உண்டு. ஆனால் இந்த இனத்தில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, இப்போது உங்கள் மூன்று கட்சிக்கு வருவோம். வெளிநாட்டு ஜட்ஜ் வருவதில் தப்பில்லை. நம் நாட்டு இனங்கள் எஃப்.சி.ஐ. என்கிற சர்வதேச அமைப்பின் இனப் பட்டியலில் கிடையாது. அதனால் அவர் தன் ஊரில் ஒரு ராஜபாளையத்தைக் கூடத் தொட்டிருக்க வழியில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வைத்திருக்கும் ஸ்டாண்டர்டை, அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் வர்ணனையை, இரண்டு மாதத்துக்கு முன்பே அனுப்புங்கள். கூடவே தலைவர் வீட்டு நாயின் படத்தை அனுப்பிவைக்காதீர்கள். எங்கள் கமிட்டியில் அதைச் செய்தார்கள். வந்தவர் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டே ரிங்கில் தேடினார், பாவம்.

எல்லா இனமும் பார்க்கிற ஜட்ஜுக்குக் கை சுத்தமாக இருக்கும். எலும்பு, நடை, பல்வரிசை எதிலும் ஏமாற மாட்டார். இனத்தின் சாயல் மட்டும்தான் சில சமயம் கைநழுவும். நல்ல நாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார், நல்ல ராஜபாளையத்தைத்தான் என்று சத்தியம் பண்ண முடியாது.

ஊர்ப் பெரியவர் விஷயம் வேறு. அவருக்கு நாயும் தெரியும், நாயின் தாத்தாவும் தெரியும், நாய்க்காரர் தர வேண்டிய பாக்கியும் தெரியும். அதோடு, சாம்பியன் கணக்கில் சேருகிற சான்றிதழ் கொடுப்பதானால் கென்னல் கிளப் அங்கீகரித்த ஜட்ஜாக இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் அவரை விட்டுவிடாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் ஜட்ஜை அவரோடு உட்காரவையுங்கள். போட்டிக்கு வராத நாய் இரண்டைப் பிடித்து வந்து நிறுத்தி, "சொல்லுங்க தாத்தா" என்று விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்டாண்டர்டில் எழுதாததெல்லாம் வெளியே வரும்.

நானாக இருந்தால், வேட்டை நாய் இனங்களைப் பார்த்துப் பழகிய ஒரு இந்திய ஜட்ஜை அழைத்து, ஒவ்வொரு நாய்க்கும் எழுத்தில் குறிப்பு கேட்பேன். எழுதுவதற்கு ஒரு டீச்சரைப் பிடியுங்கள், கையெழுத்து புரிய வேண்டும். கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி: ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று சங்கத்துக்கு. குறிப்பு எழுதுவதானால் ஒரு ஜட்ஜ் நாளுக்கு 80 நாய்க்கு மேல் பார்க்கக்கூடாது என்பது எஃப்.சி.ஐ. வைத்திருக்கிற வரம்பு. 45 தாராளமாக முடியும். காலை எட்டுக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகலாம்.

அழைப்பதற்கு முன், போன வருஷம் அவரை அழைத்த இரண்டு சங்கங்களுக்குப் போன் போடுங்கள். "நல்லா பண்ணாரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா பண்ணாரு என்றுதான் சொல்வார்கள். முதல் நாயைத் தொட்டுப் பார்த்த மாதிரியே கடைசி நாயையும் தொட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எங்கள் தலைவர் போன ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஜட்ஜிடமிருந்து குட்டி வாங்கினார். அவரையே ஜனவரிக்கு அழைக்கலாம் என்கிறார். சரியா?
*கோவை வாசகர்*

ஜட்ஜை அழைக்கலாம். அந்தக் குட்டி வீட்டில் இருக்கட்டும். ஜட்ஜ் கடந்த ஆறு மாதத்துக்குள் வைத்திருந்த, பயிற்சி கொடுத்த, விற்ற நாயை அவர் முன்னால் ரிங்கில் கொண்டுவரக் கூடாது என்பது எஃப்.சி.ஐ. விதி. ஆகஸ்ட் கடைசிக்கும் ஜனவரிக்கும் ஆறு மாதம் ஆகவில்லை, விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். பிப்ரவரிக் கடைசி என்று கண்காட்சியைத் தள்ளி வைத்தால் விதி ஒத்துக்கொள்ளும், ஊர் ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜட்ஜ், போட்டிக்கு நாய் கொண்டுவருபவரோடு சேர்ந்து கண்காட்சிக்குப் பயணம் செய்யக்கூடாது, அவர்கள் வீட்டில் தங்கக்கூடாது, எந்த நாய் யாருடையது என்று இருக்கும் கேட்டலாக்கை முன்கூட்டியே பார்க்கக்கூடாது. நாங்கள் ஒருமுறை ஜாக்கிரதையாக வாடகைக் கார் அனுப்பினோம். டிரைவர், அன்று முதல் பரிசு வாங்கியவரின் மச்சான் என்று மறுநாள்தான் தெரிந்தது. நான் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை.

வாட்ஸ்அப் குழுவில் ஓட்டு வைத்து ஜட்ஜைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீருமே?
*மதுரை வாசகி*

அமெரிக்காவில் பல இனக் கழகங்கள் தேசிய அளவிலான கண்காட்சிக்கு உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்துத்தான் ஜட்ஜை முடிவு செய்கின்றன. அங்கே வருஷக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிடுகிறார்கள், பட்டியலும் நீளம். நம் பக்கம் ஓட்டு வைத்தால் போன வருஷம் யார் நாய்க்குப் பரிசு கிடைத்ததோ அவரெல்லாம் அதே ஜட்ஜுக்குப் போடுவார். பெயர் சேகரிக்க ஓட்டு வையுங்கள். பத்துப் பெயர் வரட்டும். அதில் மூன்றைக் கமிட்டி எடுக்கட்டும். இரண்டு வருஷத்துக்குள் வந்து போன பெயரை அடித்துவிடுங்கள். மிச்சம் யார் தேதிக்கு ஒத்துவருகிறாரோ அவர்.

ஒரு நாள் கூத்து. யார் வந்து பார்த்தால் என்ன? இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?
*திருச்சி வாசகர்*

1925இல் ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கான சங்கத்தை 1899இல் தொடங்கியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. இருபத்தைந்து வருஷத்தில் நாய்கள் உயர்ந்து, சதுரமாகி, ஆடு மேய்க்கிற நாயின் சாயலே போய்க்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷக் கண்காட்சியில் அவரே ஜட்ஜ். உயரம் குறைந்து, உடல் நீண்ட க்ளோடோ ஃபாம் பாக்ஸ்பெர்க் என்ற நாயை முதலிடத்தில் நிறுத்தினார். ஆளாளுக்கு அந்த நாயையும் அதன் வம்சத்தையும் தேடிப் போனார்கள். இனத்தின் உருவமே அந்தப் பக்கம் திரும்பியது.

பரிசு வாங்கிய ஆண் நாயிடம்தான் அடுத்த மாதம் எல்லோரும் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். உங்கள் ஊரிலும் அதுதான் நடக்கும். கூத்து ஒரு நாள்தான், குட்டிகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஒரே இனம் என்று சொல்கிற ஜட்ஜை அழைத்தால் எங்கள் உறுப்பினர்கள் நாயைக் கொண்டுவர மாட்டோம் என்கிறார்கள்.
*கோவில்பட்டி வாசகர்*

இந்த வழக்கு எங்கள் அப்பா காலத்திலேயே டீக்கடையில் ஓடியது. கறுப்பு உடம்பும், கண்ணுக்கு மேல் செம்பழுப்புப் பொட்டும், அதே நிறத்தில் காலும் இருந்தால் கன்னி. மற்ற நிறமெல்லாம் சிப்பிப்பாறை. பிறகு பால்கன்னி என்று ஒன்று வந்து எல்லாவற்றையும் குழப்பும். அப்பா இரண்டையும் வைத்திருந்தார், இரண்டும் முயலைப் பிடித்தன, அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது ஜட்ஜின் அபிப்பிராயம் இல்லை. கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. ரிங்கில் தனித்தனி வகுப்பு, தனித்தனி ஸ்டாண்டர்டு. அதன்படி பார்ப்பேன் என்று அழைப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால் வரட்டும். மதியச் சாப்பாட்டில் அவர் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயத்தைத்தான் நான் கவனிப்பேன். கிரேஹவுண்டே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதுகு வில்லாய் வளைந்த நாய்தான் அழகு. அப்படிப்பட்டவர் நம் சிப்பிப்பாறையிலும் அந்த வளைவைத் தேடினால் நாலு வருஷத்தில் எல்லோரும் வளைவாய்க் குட்டி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜட்ஜுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது?
*சேலம் வாசகர்*

முதல் கடிதத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: போக்குவரத்து, தங்குமிடம், கையில் எவ்வளவு, ரயிலா விமானமா, சைவமா அசைவமா. வெளிநாட்டவர் என்றால் அவருடைய நாட்டுக் கழகத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும். கவரை ரிங்கில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

என் நாய் நன்றாக நடந்தது. ஜட்ஜ் மூன்றாம் இடம் கொடுத்தார். போய்க் கேட்டேன், "இன்று அப்படித்தான்" என்றார். புகார் கொடுக்கலாமா?
*சென்னை வாசகி*

தீர்ப்புக்குப் புகார் கிடையாதம்மா. நடத்தைக்குத்தான் உண்டு. "இன்று அப்படித்தான்" என்று சொல்கிறவரை அடுத்த வருஷம் அழைக்காதீர்கள் என்று உங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் செயலாளராக இருந்தபோது அப்படி வந்த கடிதங்களைத் தனி ஃபைலில் வைத்திருந்தேன். அடுத்த ஜட்ஜைப் பற்றிப் பேச உட்காரும்போது முதலில் திறப்பது அதைத்தான்.

நான் கல்லூரியில் படிக்கிறேன். வீட்டில் இரண்டு கோம்பை நாய். ஒருநாள் ஜட்ஜ் ஆக வேண்டும். எங்கே தொடங்குவது?
*உத்தமபாளையம் வாசகர்*

கோம்பை ஊருக்குப் பக்கத்திலிருந்தே கேட்கிறாய், சந்தோஷம். வருஷக்கணக்கில் வளர்க்கணும், குட்டி எடுக்கணும், போட்டியில் தோற்கணும், பரீட்சை எழுதணும், மற்ற ஜட்ஜ்களோடு நின்று கற்றுக்கொள்ளணும். அதற்கெல்லாம் முன்னால் ரிங் ஸ்டூவர்டாக வேலை பார். நம்பர் கொடுப்பது, வகுப்பு வகுப்பாக நாய்களை உள்ளே அனுப்புவது, மார்க் தாளில் எழுதுவது. ஜட்ஜிலிருந்து ஆறடி தூரத்தில் நாள் முழுக்க நிற்கிற ஒரே ஆள் ஸ்டூவர்டுதான். அவர் கை எங்கே போகிறது, எங்கே நின்று யோசிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எந்தச் சங்கத்துக்கும் ஸ்டூவர்டு வேலைக்கு ஆள் பற்றாக்குறைதான். முதலில் எழுதியிருக்கும் விருதுநகர்த் தம்பிக்கு உன் கடிதத்தை அனுப்பிவைத்திருக்கிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், எழுதுகிற பேனா இரண்டு கொண்டு போ. கோம்பைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போ.