'சும்மாதான் இருக்கிறான்'

கேள்வி: புரதங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். என் ஆய்வு புற்றுநோயாளிகளின் ரத்த பிளாஸ்மா பற்றியது. இப்போது கோபன்ஹேகனில் ஒரு குழு இரண்டு வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பழங்காலப் பற்களின் எனாமலில் (பல்லின் கடினமான வெளி அடுக்கு) எஞ்சியிருக்கும் புரதங்களைக் கொண்டு மனிதப் பரிணாமத்தை ஆராயும் வேலை. துறை மாறுவது சரியா, இரண்டு வருடத்தில் ஏதாவது தேறுமா என்று குழப்பம். அம்மா இல்லை. அப்பாவுக்கு செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். தம்பி பி.இ. முடித்துவிட்டு வீட்டில் சும்மாதான் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். தைரியம் சொல்லுங்கள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தைரியம் உங்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. இல்லாவிட்டால் 'சும்மாதான் இருக்கிறான்' என்று எழுதக் கை வந்திருக்காது.

கணக்குப் போடுவோம். டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம். அதற்கு முன் ஆட்டோ, வரிசை, எடை பார்ப்பது. முடிந்ததும் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடிப்பது, பி.பி. இறங்கித் தலைசுற்றும் மனிதரைக் கைத்தாங்கலாக வீடு சேர்ப்பது. ஒரு நாளில் ஏழு மணி நேரம் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போகிறவனை எந்தக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்? அவனுக்கு வேலை கிடைக்காததால் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறானா, அப்பாவைப் பார்த்துக்கொள்வதால் வேலை கிடைக்கவில்லையா? கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன். அப்பாவின் டிரை வெயிட் எவ்வளவு? உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை அது. ஒரு பெப்டைடின், அதாவது புரதத் துணுக்கின், எடையை மூன்றாம் தசமம் வரை சொல்லக்கூடியவர் நீங்கள். இதற்குப் பதில் தெரியாவிட்டால் தம்பியிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். துறை மாற்றம் பற்றிய பயம் தேவையில்லாதது. கருவி உங்களுக்குப் பழக்கம். பழக்கமில்லாதது அதில் ஏற்றப்போகும் பொருள்தான். பிளாஸ்மாவில் புரதம் கொட்டிக்கிடக்கிறது, டிரிப்சின் என்ற நொதியால் துணுக்குகளாக வெட்டிக் கருவியில் ஓட்டினீர்கள். எனாமலில் இருப்பது பத்துச் சொச்சம் புரதங்கள்தான்: அமெலோஜெனின், எனாமெலின், அமெலோபிளாஸ்டின் என்று. அவையும் பல் வளரும்போதே எம்.எம்.பி.20 போன்ற நொதிகளால் வெட்டப்பட்டு, பிறகு லட்சக்கணக்கான வருடங்களில் தூளானவை. அதனால் பெரும்பாலும் டிரிப்சின் போடுவதில்லை. மேற்பரப்பைச் சுரண்டி நீக்கி, உள்ளடுக்கான டென்டின் ஒட்டாமல் எனாமலைப் பிரித்துப் பொடித்து, 10 சதவீத டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தில் குளிரில் ஓர் இரவு ஊறவிட்டு, கரைந்த துணுக்குகளை சி18 என்ற வடிகட்டியில் பிடித்து ஆர்பிட்ராப் என்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றுவார்கள்.

தலைவலி கணினியில்தான் தொடங்கும். எங்கே வெட்டுப்பட்டது என்று தெரியாததால், எங்கும் வெட்டு விழுந்திருக்கலாம் என்று கொண்டு, 'நொதி இல்லை' என வைத்துப் புரத வரிசைப் பட்டியலில் தேட வேண்டும். தேடும் வெளி பல மடங்கு பெருகும், பொய்ப் பொருத்தங்களும் பெருகும். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் ஒரே எடை. பரிணாமத்தில் முக்கியமான மாற்றம் அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்திருந்தால் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலப்போக்கில் டிஅமிடேஷன் என்ற வேதி மாற்றம் ஆன அஸ்பராஜினின் எடை அஸ்பார்டிக் அமிலத்தின் எடைதான். பழமைக்கு அது நல்ல அடையாளம், ஆனால் மரபு மாற்றம் என்று ஏமாற்றவும் செய்யும். அமெலோஜெனின்-ஒய் (ஒய் குரோமோசோமிலிருந்து வரும் வகை) பெப்டைட் கிடைத்தால் ஆண். கிடைக்காவிட்டால் பெண் என்று சொல்லிவிட முடியாது, சிதைந்தும் போயிருக்கலாம். எனாமலிலேயே அல்புமின் என்ற ரத்தப் புரதம் உண்டு, ஆய்வகத்தில் மாட்டு அல்புமினும் எங்கும் உண்டு. குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனால் ஆட்டு ரோமத்தின் கெராட்டின் புரதமும் தரவுக்குள் வந்துவிடும்.

அதற்காகத்தான் ஒவ்வொரு தொகுதியோடும் எதுவுமே போடாத ஒரு காலிக் குழாயைக் கூட அனுப்புகிறார்கள். அமிலம், வடிகட்டி, கருவி எல்லாவற்றுக்குள்ளும் அதுவும் போய்வரும். அதில் தென்படும் புரதம் பல்லிலிருந்து வந்ததல்ல என்று தெரிந்துவிடும். பார்க்கிறவருக்கு அது சும்மா இருக்கிற குழாய். அது இல்லாத முடிவை எந்த நல்ல இதழும் நம்பாது.

இரண்டு வருடத்தில் தேறுமா என்பதற்கு விடை உங்கள் திறமையில் இல்லை, பல்லில் இருக்கிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு பற்களை எடுத்துக்கொண்டார்கள். ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில் கிடைத்த, சுமார் 8 லட்சம் வருடப் பழமையான ஹோமோ அன்டிசெஸர் என்ற ஆதிமனித இனத்தின் பல், நமக்கும் அழிந்துபோன மனித இனங்களான நியாண்டர்தால், டெனிசோவன்களுக்கும் நெருங்கிய கிளை அது என்று காட்டியது. ஜார்ஜியாவின் டமானிசியில் கிடைத்த, 17.7 லட்சம் வருடப் பழமையான ஹோமோ எரக்டஸ் பல்லில் கிடைத்த துணுக்குகள் வம்சக்கிளை போடப் போதவில்லை. அதே குழு, அதே முறை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸில் கிடைத்த, சுமார் 20 லட்சம் வருடப் பழமையான பாரந்த்ரோபஸ் (மனிதனுக்கு உறவான, அழிந்துபோன இனம்) பற்கள் நான்கு பேசின. பலேசா மடுபே முதல் ஆசிரியராக 2025-ல் வெளிவந்த ஆய்வு அது. வெப்ப மண்ணில் டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது, எனாமல் தாங்குகிறது. இந்தத் துறைக்கு இன்று இருக்கும் மவுசு இதனால்தான்.

ஆகவே குழுத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். எனக்கான பற்களுக்கு மாதிரி எடுக்கும் அனுமதி கையெழுத்தாகிவிட்டதா, இனிமேல்தானா? இனிமேல்தான் என்றால் முதல் வருடம் காத்திருப்பிலேயே கரையும். கருவி நேரம் மாதத்துக்கு எத்தனை நாள்? எந்தப் பல்லுக்கு நான் முதல் ஆசிரியர்? அருங்காட்சியகம் கைவிரித்தால் மாற்று வேலை என்ன? மேரி கியூரி நிதி (ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குத் தரும் உதவித்தொகை) அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்று: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் டென்மார்க்கில் இருந்திருந்தால் டென்மார்க்குக்கே அதைக் கேட்க முடியாது.

கடைசியாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும் தேதியை மூன்று மாதம் தள்ளலாமா? கேட்பதில் கேவலம் இல்லை, போஸ்ட்டாக் வேலைகளில் பலரும் கேட்பதுதான்.

அந்த மூன்று மாதம் தம்பிக்கு. போங்கள் என்றுதான் சொல்கிறேன். பெண் வெளிநாடு போகக் கூடாது, அப்பாவின் காலடியிலேயே கிடக்க வேண்டும் என்பவன் நானில்லை. ஆனால் மாதாமாதம் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பெற்றவரைப் பார்ப்பது பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொது. உங்கள் பங்கையும் சேர்த்து அவன் தலையில் வைக்கிறீர்கள் என்றால், அவனிடம் கேட்டு வையுங்கள். அப்பாவை அழைத்துப்போய் வர, விவரம் தெரிந்த ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். வாழைப்பழமும் இளநீரும் ஏன் கூடாது, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு) உள்ள கையில் ஏன் பி.பி. பார்க்கக் கூடாது என்று அந்த ஆளுக்குப் பழக்க ஒரு மாதமாவது ஆகும். உங்கள் சம்பளத்தில் ஒரு தொகையை அப்பாவின் மருந்துச் செலவில் சேர்க்காமல் தம்பியின் பெயரில் தனியாகப் போடுங்கள். எந்த மாதத்திலிருந்து அவன் முழுநேரமாக வேலை தேடுவான் என்று இப்போதே தேதி வையுங்கள். ஒப்பந்தத்தில் உங்களுக்கு முடிவுத் தேதி இருக்கிறதே, அவனுக்கும் இருக்கட்டும்.

பதில் சொல்லப் பத்து நாள் இருக்கிறது. வருகிற செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அப்பாவை நீங்கள் கூட்டிப்போங்கள். தம்பி எங்கே வேண்டுமானாலும் போகட்டும். கோபன்ஹேகனுக்கு மெயிலை ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள்.