தம்பியின் கைக்கடிகாரம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மாதம் 38 ஆயிரம் சம்பளம். ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு டாக் ஹியூர் கைக்கடிகாரம் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறான். எந்நேரமும் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறான். பெரியப்பா மகள் கல்யாணத்தில் யாரோ இவனை டிரைவர் என்று நினைத்துக் கார் சாவியை நீட்டியதிலிருந்துதான் இந்தக் கூத்து. யூடியூபில் ஒரு மனநல வீடியோ பார்த்தேன். இவன் நார்சிஸிஸ்ட், அதாவது அளவுகடந்த தற்பெருமை பிடித்தவன்தானே? ஆடம்பரப் பொருள் வாங்குவது அதற்கு அறிகுறியா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த வீடியோவை மூடுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் நார்சிஸிசம் ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றதே 1980இல்தான். இன்றைய பதிப்பு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அதில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரை வைப்பார். விலையுயர்ந்த பொருள் வாங்குவது அந்த ஒன்பதில் இல்லை. கூடப் பிறந்தவனுக்கு நோய்ப்பெயர் சூட்டும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

தற்பெருமை மிகுந்தவர்கள் பொருளின் பயனைவிட அது தரும் மதிப்புக்காகவே வாங்குகிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. சரி, இருக்கட்டும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கார் சாவிதான் என்னை உலுக்கியது. அவமானப்பட்டவன் ஏன் நேராகக் கடைக்குப் போகிறான் என்பதை நானும் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். டெரெக் ரக்கர், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சிலரிடம், பிறர் தங்கள்மேல் அதிகாரம் செலுத்திய சம்பவத்தை நினைத்துப்பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் பொருள்களைக் காட்டி, என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்தஸ்தைக் காட்டும் பொருளுக்கு மட்டும் அவர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பழைய சம்பவத்தை நினைத்ததற்கே இப்படி. உங்கள் தம்பிக்கு அது சொந்தபந்தம் கூடிய மண்டபத்தில் நடந்திருக்கிறது. சாவியை நீட்டியவரிடம் ‘இவன் என் தம்பி’ என்று நீங்கள் போய்ச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

என் சின்ன மாமா லாரி செட்டில் கணக்கெழுதினார். ஒரு விசேஷத்தில் இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுப்பி, ‘நீங்க அடுத்த பந்தியில சாப்பிடலாம்’ என்று அனுப்பிவிட்டு, அந்த இலையில் ஒரு மில் முதலாளியை உட்கார வைத்தார்கள். மாமா சீட்டுப் பணத்தை எடுத்துச் சிவப்புக்கல் மோதிரம் வாங்கினார். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அந்தக் கையை இலை ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்வார். பகட்டுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவரை எழுப்பிவிட்டவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் மோதிரம் போட்டவரை மட்டும் ஏன் பார்க்கிறார்கள்?

தவணை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாதம் எவ்வளவு போகிறது, இன்னும் எத்தனை மாதம் பாக்கி, வட்டி எவ்வளவு என்று அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கிரெடிட் கார்டு என்றால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்க விடாதீர்கள். மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். ஸ்டேட்டஸில் படம் போட்டால் போடட்டும். ‘நல்லா இருக்குடா’ என்று ஒரு பதில் அனுப்புங்கள்.