அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆளெடுப்பதில் நிறம் பார்ப்பது குறையுமா?

பொருளாதார மாணவர் என்று நினைக்கிறேன். போட்டி கடுமையானால், நிறம் பார்த்து நல்ல ஆளை ஒதுக்கும் முதலாளிக்குத்தான் நஷ்டம், அதனால் பாகுபாடு தேயும் என்று 1957-இல் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். அதில் பாதி சரி. அமெரிக்காவில் 9 வருடம் டிரக் ஓட்டியவன் நான், மீதியைச் சொல்கிறேன்.

1980-க்கு முன் அங்கே புதிதாக லாரி கம்பெனி தொடங்குவது லேசான காரியமில்லை. மத்திய ஆணையம் அனுமதிக்க வேண்டும், பழைய கம்பெனிகள் ஆட்சேபிக்கலாம். வாடகையையும் அவர்களே கூடிப் பேசி வைத்தார்கள். நெடுந்தூர வண்டி வெள்ளையருக்கு, உள்ளூர் ஓட்டமும் சுமை தூக்கும் வேலையும் கறுப்பருக்கு. ஒரு லாரி கம்பெனி மீதான வழக்கில் 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அந்தக் கம்பெனியின் 1,828 நெடுந்தூர ஓட்டுநர்களில் கறுப்பர் 8 பேர். அந்த 8 பேரும் வழக்கு தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய 1980 சட்டம் வந்ததும் சின்னக் கம்பெனிகள் பெருகின. கறுப்பர்கள் கூடுதலாக உள்ளே வந்தார்கள், பின்னாளில் பஞ்சாபிகள், என்னைப் போன்றவர்கள்.

பெரிய கம்பெனி ஒன்றில் 3 முறை கேட்டுப் போனேன். கடைசி முறை, "நீ பேசுவது வாடிக்கையாளருக்குப் புரியாது" என்றார்கள். லைசென்ஸ், சுத்தமான ரெக்கார்டு எல்லாம் கையில் இருந்தது. அப்புறம் 4 வண்டி வைத்திருந்த ஒரு சர்தார்ஜியிடம் போனேன். "டிரெய்லரை ரிவர்ஸில் விட்டுக் காட்டு" என்றார், அவ்வளவுதான். ஒரே எடுப்பில் விட்டேன். சாயங்காலமே சாவி கொடுத்தார். அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் என்ன வேலை அது? போட்டியில் வாடகை இறங்கியது, தொழிற்சங்கம் தேய்ந்தது, கூலியும் விழுந்தது. முந்தைய தலைமுறை வெள்ளைக்கார ஓட்டுநர் இதே சாலையில் ஓட்டி வீடு வாங்கினார், பென்ஷனும் வாங்குகிறார். எனக்கு மைல் கணக்கில் காசு, பென்ஷன் கிடையாது.

பழைய முறையே வரட்டும் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அந்த முறையில் எனக்கு வேலையே கிடைத்திருக்காது. வேலையில் நிறம் பார்ப்பதைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் பங்கையும் மறுக்கவில்லை. சட்டம் இல்லாமல் போட்டி மட்டும் போதும் என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கிடங்கு வாசலில் லோடு இறக்கக் காத்துக்கிடப்போம், சில நாள் 6 மணி நேரம். வண்டி நகரவில்லை, அதனால் சம்பளமில்லை. கழிப்பறையைக்கூட ஓட்டுநருக்குத் திறந்துவிடமாட்டார்கள். 1938 தொழிலாளர் சட்டம் ஓவர்டைம் உரிமை தந்தபோதே எங்களை விலக்கிவிட்டது. எத்தனை நிறத்தவர் சேர்ந்தார்கள் என்று எண்ணுகிறவர்கள், வாசலில் நின்ற அந்த மணிகளையும் எண்ண வேண்டும்.