கோடையில் ஆய்வகம்: நீங்கள் கேட்டவை

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கோடை விடுமுறையில் பெரிய ஆய்வகங்களுக்குப் போய் ஆராய்ச்சி செய்யலாம், பணமும் தருவார்கள் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அதெல்லாம் சென்னை, பெங்களூர் பிள்ளைகளுக்குத்தானே கிடைக்கும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது, அதை மறைப்பானேன். ஆனால் பாதிப் பேர் தோற்பது தேதியில். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் மூன்று ஊர்களிலும் இருக்கும் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஒரு கோடை ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. 8 வாரம், ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகை உண்டு, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்களும் போடலாம். அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு முடிவதற்குள்ளேயே மூடிவிடும். நம் கல்லூரிகளில் கோடை என்ற பேச்சே ஏப்ரலில்தான் வருகிறது. அதனால் செப்டம்பரிலிருந்தே பெங்களூர் அகாடமியின் (Indian Academy of Sciences) இணையதளத்தை வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், நோட்டீஸ் போர்டை நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம், என்ன ஆராய ஆசை என்று ஒரு சின்னக் குறிப்பு கேட்பார்கள். ‘சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கினீர்களோ, படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். உங்கள் ஊரில் பல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடித்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்களே, அது நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. சிர்கோனியம் சேர்ந்த சிவப்புச் சாயத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும், எவ்வளவு வெளுத்தது என்பதை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது, அதை மலிவாக எப்படி நீக்குவது என்று நாலு வரி எழுதுங்கள். பெங்களூர் பிள்ளையால் அப்படி எழுத முடியாது. முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு ஆங்கிலமாக்கி இலக்கணத்தை மட்டும் யாரிடமாவது சரிபாருங்கள்.

பரிந்துரைக் கடிதம்தான் தலைவலி. இருநூறு பேருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருந்தாலே பெரிது. கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்னாடியே போங்கள், மதிப்பெண், செய்முறைத் தேர்வில் செய்தது, இந்தக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, இடம் கிடைத்தால் உதவித்தொகை எப்போது கைக்கு வரும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள், முதல் மாதச் சாப்பாட்டுக்குக் கையில் காசு வேண்டும்.

கேள்வி: என் மகன் இயற்பியல் முதலாம் ஆண்டு. ‘ஆராய்ச்சிப் பயிற்சி, சான்றிதழ் உண்டு’ என்று ஒரு நிறுவனம் 8,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? (ஒரு தாய், கடலூர்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மேலே சொன்ன திட்டத்தில் மாணவருக்குத்தான் பணம் தருகிறார்கள், வாங்குவதில்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது, சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் கோடையில் மாணவர்களை எடுக்கிறது. இரண்டின் இணையதளத்திலும் எந்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறார்கள் என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள்.